பேஸ்எக்ஸ், சாக்ஸன், எக்சிஸ்ட்-டிபி: எக்ஸ்குவெரிக்கு எது வேகம்?

எக்ஸ்குவெரி என்பது எக்ஸ்எம்எல் தரவில் தேடும் வினவல் மொழி. அதை ஓட்டும் எஞ்சின்களை ஒப்பிட எக்ஸ்மார்க் இன்றைக்கும் உதவும். 2002-இல் வந்த சோதனை. ஏலத்தளம் ஒன்றின் தரவு, 20 வினவல்கள். அந்தத் தரவை உருவாக்கும் எக்ஸ்எம்எல்ஜென் கருவிக்கு அளவு 1 கொடுத்தால் நூறு எம்பியைத் தாண்டிய ஒரே கோப்பு வரும். அதில் 25,500 ஆட்கள், முடிந்த ஏலங்கள் 9,750. இருபதையும் ஓட்டிச் சராசரி போடுவது வீண். ஐடி வைத்து ஒரே ஆளைத் தேடும் 1, கீழே வரும் 8, 14 ஆகிய மூன்றுமே எஞ்சினின் குட்டை உடைத்துவிடும். பழைய ஆய்வுகளில் முன்னணியில் நிற்கும் மோனெட்டிபி/எக்ஸ்குவெரி எஞ்சினைத் தேட வேண்டாம். அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

எட்டாவது வினவல், ஒவ்வோர் ஆளும் எத்தனை பொருள் வாங்கினார் என்று கேட்கிறது. எழுதியபடியே ஓட்டினால் ஒவ்வொருவருக்கும் 9,750 ஏலங்களையும் புரட்ட வேண்டும்: மொத்தம் 24.86 கோடி ஒப்பீடு. தரவு பத்து மடங்கானால் வேலை நூறு மடங்கு. சாக்ஸனின் இலவச ஹெச்இ பதிப்பு திணறுவது இங்கேதான். இப்படி இரண்டு பட்டியல்களைப் பொருத்தும் ஜாயினை இண்டெக்ஸ் (முன்கூட்டியே அடுக்கிய தேடல் அட்டவணை) தேடலாக மாற்றும் ஆப்டிமைசர், காசு கொடுத்து வாங்கும் இஇ பதிப்பில்தான் இருக்கிறது. இதற்காக மட்டும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஏலங்களை வாங்கியவர் ஐடிப்படி 'குரூப் பை' செய்து, எண்ணிக்கையை மேப்பில் போட்டுவிட்டு, ஆள்வாரியாக எடுத்தால் ஏலப் பட்டியலை ஒரே முறை படித்தால் போதும். எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுதுபவர்களுக்கு, இதே வேலைக்கு ஹெச்இயிலேயே எக்ஸ்எஸ்எல்-கீ இருக்கிறது.

சாக்ஸன் தரவுத்தளம் அல்ல. ஒவ்வொரு ஓட்டத்திலும் கோப்பு முழுவதையும் பார்ஸ் செய்து (படித்துப் பிரித்து) நினைவகத்தில் ஏற்றும். கோப்பைப் போலப் பல மடங்கு ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம்) தேவைப்படலாம். சின்னக் கோப்பைத் திறந்து, மாற்றி, மூடும் வேலைக்கு அதுவே சரி. தரநிலையைப் பிசகாமல் பின்பற்றுவதிலும், பிழைச் செய்தி தெளிவாக இருப்பதிலும் சாக்ஸனுக்கே முதல் மதிப்பெண்.

ஒரே தரவைத் திரும்பத் திரும்பக் கேட்பதென்றால் பேஸ்எக்ஸ். டெக்ஸ்ட், ஆட்ரிபியூட் இண்டெக்ஸ்கள் தரவுத்தளம் உருவாகும்போதே தயாராகிவிடும். எட்டாவது வினவலில் ஐடி ஒப்பீட்டை அதுவே இண்டெக்ஸுக்குத் திருப்பிவிடும். நம்பிவிடாமல் பெரிய 'வி' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். மாற்றி எழுதப்பட்ட வினவலில் 'டிபி:ஆட்ரிபியூட்' தென்பட்டால் இண்டெக்ஸ் வேலை செய்கிறது என்று பொருள். தென்படவில்லையா? பெரும்பாலும் தரவுத்தளத்துக்குப் பதில் டிஸ்க்கில் கிடக்கும் கோப்பைத் திறந்திருப்பீர்கள். அல்லது இடையில் அப்டேட் நடந்திருக்கும்: அப்டேட்டின்போதே இண்டெக்ஸையும் புதுப்பிக்கும் 'அப்டிண்டெக்ஸ்' ஆப்ஷனைப் போடாமல் உருவாக்கிய தளத்தில், அப்டேட்டுக்குப் பிறகு 'ஆப்டிமைஸ்' கொடுக்கும்வரை அந்த இண்டெக்ஸ்கள் பயன்படாது. தளத்தின் பெயர் ஓட்டத்தின்போதுதான் தெரியவரும் என்றால் இண்டெக்ஸைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொல்லும் 'என்ஃபோர்ஸ்இண்டெக்ஸ்' ஆப்ஷன் தேவை. விலை நாற்பதுக்கு மேல் என்பது போன்ற எண் ஒப்பீட்டுக்கு இந்த இண்டெக்ஸ் உதவாது. அதில் இருப்பவை சரங்கள் (எழுத்துத் தொடர்கள்), எண்கள் அல்ல.

பதினான்காவது வினவல் விவரணையில் 'கோல்ட்' இருக்கிறதா என்று தேடும். வேகத்துக்காக 'கன்டெயின்ஸ்' ஃபங்ஷனை 'கன்டெயின்ஸ் டெக்ஸ்ட்' என்று மாற்றினால் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் கைகொடுக்கும், அதைத் தனியாக உருவாக்கியிருந்தால். ஆனால் விடை மாறலாம்: முன்னது 'கோல்டன்' என்ற சொல்லையும் பிடிக்கும், பின்னது முழுச்சொல்லை மட்டுமே. விடைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் நேரத்தை ஒப்பிடாதீர்கள்.

எக்சிஸ்ட்-டிபியை வேகப்போட்டிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வலைச்செயலியும் தரவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கே அது. மதிப்பைக் கொண்டு தேட உதவும் ரேஞ்ச் இண்டெக்ஸை 'கலெக்ஷன்.எக்ஸ்கான்ஃப்' கோப்பில் நீங்களே எழுத வேண்டும். எழுதிச் சேமித்தால் மட்டும் போதாது. ரீஇண்டெக்ஸ் செய்யாவிட்டால் ஏற்கெனவே ஏற்றிய ஆவணங்களுக்கு அது பொருந்தாது.

அளக்கும்போது: மூன்றும் ஜாவா. முதல் சில ஓட்டங்களில் ஜிட் (ஓடும்போதே நிரலைக் கம்பைல் செய்யும் ஜாவாவின் பகுதி) சூடாகிக்கொண்டிருக்கும், அவற்றைக் கழியுங்கள். பேஸ்எக்ஸில் சின்ன 'ஆர்', சாக்ஸனில் 'ரிப்பீட்' ஆப்ஷன் இதற்குத்தான். பத்தாவது வினவல் வெளியீட்டைக் கொட்டும்; அச்சிடும் நேரத்தைத் தனியே பிரித்துப் பாருங்கள். சாக்ஸனின் பார்ஸ் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால், பேஸ்எக்ஸ் தளத்தை உருவாக்கிய நேரத்தையும் ஒருமுறை சேர்க்க வேண்டும்.