எழுபதாயிரம் இருக்கைகளுக்கு நடுவே ஒரு கூடைப்பந்துக் களம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் 68 கல்லூரி அணிகளோடு தொடங்கும் ஆடவர் கூடைப்பந்துப் போட்டி, ஏப்ரல் தொடக்கத்தில் நான்கே அணிகளாகச் சுருங்குகிறது. ‘ஃபைனல் ஃபோர்’ எனப்படும் அந்தக் கடைசி மூன்று ஆட்டங்கள் கூடைப்பந்துக்கென்றே கட்டிய அரங்கில் கடைசியாக நடந்தது 1996இல், நியூ ஜெர்சியில். அதற்குப் பிறகு எல்லாமே டோம்கள்தான். அமெரிக்கக் கால்பந்துக்காகவோ பேஸ்பாலுக்காகவோ எழுப்பிய, கூரை மூடிய பிரம்மாண்ட மைதானங்கள்.

இந்த ஆட்டங்களை நடத்த இருக்கும் வழிகள் மூன்று. இருபதாயிரம் பேர் அமரும் அரங்கு ஒன்று. டோமின் ஒரு பக்கமாகக் களத்தை ஒதுக்கி, மீதியைத் திரை போட்டு மறைப்பது இன்னொன்று. டோமின் நட்டநடுவே மேடை கட்டி, அதன்மேல் களத்தை விரித்து, சுற்றிலும் எழுபதாயிரம் பேரை உட்கார வைப்பது மூன்றாவது. என் தீர்ப்பும் இதே வரிசையில்தான் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம்.

டோம் வேண்டாம் என்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம், அங்கே பந்து கூடைக்குள் போகாது என்பது. அரங்கில் கூடைக்குப் பின்னால் கூட்டம் சுவர்போல் நிற்கிறது. எறிபவரின் கண் அதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. டோமிலோ பின்னால் வெறும் வெளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்குச் சாட்சியாக 2011இல் ஹூஸ்டன் டோமில் நடந்த இறுதி ஆட்டத்தைக் காட்டுவார்கள். கனெக்டிகட் 53, பட்லர் 41. பட்லர் அணி 64 முறை எறிந்து 12 முறைதான் கூடையில் போட்டது. இறுதி ஆட்ட வரலாற்றில் இதைவிட மோசமான கணக்கு இல்லை.

ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகளில் பட்லர் 33க்கு 9. கூடைக்கு அருகே கிடைக்கும் இரண்டு புள்ளி வாய்ப்புகளில் 31க்கு வெறும் 3. பின்னணி வெளிதான் குற்றவாளி என்றால் தூர வீச்சுகள் அல்லவா அதிகம் தவறியிருக்க வேண்டும்? பட்லரை முடக்கியது கனெக்டிகட்டின் உயரமான தடுப்பாட்டம். அதே கட்டடத்தில் 2016 அரையிறுதியில் வில்லனோவா 71 சதவீத வீச்சுகளைக் கூடையில் போட்டு, ஓக்லஹோமாவை 95-51 என்று நொறுக்கியது. ஓக்லஹோமாவோ மூன்றுக்கு ஒன்றுகூடத் தேறாமல் தவித்தது. ஒரே இரவு, ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி. எனவே இந்த வாதத்தை நான் கையில் எடுப்பதில்லை. டோமுக்கு எதிரான உண்மையான வழக்கு வீரர்களைப் பற்றியதல்ல; கேலரியில் இருப்பவர்களைப் பற்றியது.

அமெரிக்கக் கால்பந்துக் களம் 360 அடி நீளம், 160 அடி அகலம். கூடைப்பந்துக் களம் 94 அடிக்கு 50 அடி. இதை அதன் நடுவே அதே திசையில் வைத்தால் பக்கவாட்டில் 55 அடி காலி. முனைகளிலோ 133 அடி காலி. அதற்கு அப்பால்தான் மைதானத்தின் நிரந்தர இருக்கைகளே தொடங்குகின்றன. இடைவெளியைத் தற்காலிக இருக்கைகளால் நிரப்புகிறார்கள். அவை சமதளத்திலிருந்து மெல்ல ஏறுபவை. முன்வரிசைக்காரர் எழுந்தால் பின்வரிசைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே களத்தைச் சுமார் இரண்டரை அடி உயர மேடையில் ஏற்றுகிறார்கள். விளைவு என்ன? மாற்று வீரர்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, சக வீரர்களின் ஷூக்களுக்கு இடையே ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் மட்டும் மேலே ஒரு ஸ்டூலில். களமிறங்க வேண்டியவர் படியேறி வர வேண்டும். பந்தைத் துரத்திப் பாய்பவர் விளிம்பைத் தாண்டினால் கீழே விழ வேண்டியதுதான். கூடைப்பந்தைத் தவிர வேறு எல்லாவற்றையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

டெக்சாஸின் ஆர்லிங்டன் டோம் இதன் உச்சம். 2014 அரையிறுதிக்கு அங்கே 79,444 பேர் திரண்டார்கள். மைதானத்துக்கு மேலே தொங்கும் வீடியோ திரை 160 அடி நீளம். ஆடப்படும் களமோ 94 அடி. மேல் அடுக்கில் இருப்பவர் கீழே பார்ப்பாரா, திரையைப் பார்ப்பாரா? விமான டிக்கெட், ஓட்டல் அறை, நுழைவுச் சீட்டு என்று செலவழித்து ஊர் விட்டு ஊர் வந்து, கடைசியில் தொலைக்காட்சி பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒலியும் அப்படித்தான். அரங்கில் தாழ்ந்த கூரை கூச்சலைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. எதிரணி ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) எறியும்போது அந்த இரைச்சல் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. டோமில் எழுபதாயிரம் தொண்டைகள் கத்தினாலும் சத்தம் மேலே போய்க் கரைந்துவிடுகிறது.

இந்த நடுக்கள யோசனைக்கு வயது அதிகம். 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமும் மோதின. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தரைப்பலகைகளைக் கொண்டுவந்து நடுவே விரித்தார்கள். 52,693 பேர் வந்தார்கள். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் எடுக்க, 71-69 என்று ஹூஸ்டன் வென்று, யு.சி.எல்.ஏ.வின் 47 ஆட்டத் தொடர் வெற்றிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கல்லூரிக் கூடைப்பந்தைத் தேசமே பார்க்கும் என்று அந்த இரவுதான் நிரூபித்தது. அதன் பெருமையைக் குறைத்துப் பேச மாட்டேன். டோமில் மறக்கமுடியாத கணங்களும் உண்டு. 1982இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் 61,612 பேர் முன்னிலையில், முதலாண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டான் கடைசி விநாடிகளில் போட்ட கூடையால் நார்த் கரோலினா 63-62 என்று வென்றதே! ஆனால் அந்தக் கணத்தைப் பெரிதாக்கியது ஜோர்டான். கட்டடம் அல்ல.

நடுவழியான திரை டோமுக்கு வருவோம். 1997 முதல் 2008 வரை ஃபைனல் ஃபோர் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. நாற்பது, ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். களம் ஒரு பக்க நிரந்தர கேலரியை ஒட்டி இருக்கும். அங்கே செங்குத்தான இருக்கைகள், நல்ல பார்வை. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1980 முதல் தன் டோமில் இப்படியே ஆடிவருகிறது. 2014 பிப்ரவரியில் டியூக் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு அங்கே 35,446 பேர் கூடினார்கள். கூடுதல் நேரத்தில் 91-89 என்று சிராக்யூஸ் வென்றது. 2009இல் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் களத்தை நடுவுக்கு நகர்த்தி இறுதி ஆட்டத்துக்கு 72,922 பேரைச் சேர்த்ததும், திரை முறை கைவிடப்பட்டது. கூடுதலாக வந்த இருபதாயிரம் பேருக்காக, ஏற்கெனவே நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பார்வையையும் கெடுத்துக்கொண்டார்கள்.

டோமின் பக்கம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. இருபதாயிரம் இருக்கைகளில் நான்கு கல்லூரிகளின் பங்கு, போட்டியை நடத்தும் சங்கத்தின் விருந்தினர், விளம்பரதாரர், பயிற்சியாளர்கள் என்று பிரித்துக் கொடுத்தபின் சாதாரண ரசிகருக்கு என்ன மிஞ்சும்? டோமில் கூடைகளுக்குப் பின்னால் மாணவர்களுக்கென்று மலிவான இடம் ஒதுக்குகிறார்கள். அது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அதற்கு டோம் தேவையில்லை, மனம்தான் தேவை. விருந்தினர் பங்கைக் குறைத்தால் அரங்கிலும் கூடைக்குப் பின்னால் மாணவர்கள் நிற்கலாம்.

வருமானம் போய்விடுமே என்பார்கள். எழுபதாயிரம் பேர் ஆளுக்கு 300 டாலர் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும், அரையிறுதி நாளுக்கும் இறுதி நாளுக்கும் சேர்த்து 4 கோடியே 20 லட்சம் டாலர். ஆடவர் போட்டியின் ஒளிபரப்புக்காக 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரி 77 கோடி. 2016இல் அதை மேலும் 880 கோடிக்கு 2032 வரை நீட்டித்தார்கள். கேலரி பணம் இதில் சிறுதொகை.

2024இல் இரண்டு ஏற்பாடுகளும் ஒரே வார இறுதியை ஒட்டி நடந்தன. ஆடவர் இறுதி அரிசோனாவின் கிளென்டேல் டோமில், 74,000 பேருக்கு மேல். மகளிர் இறுதி கிளீவ்லாந்தின் கூடைப்பந்து அரங்கில், 19,000க்கும் குறைவு. தொலைக்காட்சியில் மகளிர் ஆட்டத்தை 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆடவர் ஆட்டத்துக்கு ஒன்றரைக் கோடியை எட்டவில்லை. மகளிர் இறுதியில் ஆடிய நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் ஈர்ப்பு அதில் பெரும்பங்கு என்பது தெரிந்ததே. ஆனாலும் சிறிய அரங்கில் நடத்தினால் நிகழ்ச்சி சிறுத்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இப்போது மகளிர் போட்டி வளர்ந்துவிட்டது, அதையும் டோமுக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழுகிறது. தயவுசெய்து வேண்டாம். மாற வேண்டியது ஆடவர் இறுதியின் இடம்தான். அரங்குக்குத் திரும்ப முடியாதென்றால், குறைந்தபட்சம் அந்தத் திரையையாவது மறுபடி மாட்டுங்கள்.