31 வயதுக்கு முன்: பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா, ஐ.நா.வா?

இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் புதிதாகத் தொடங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய பிறந்த தேதியைத்தான். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும், போய் வேலை பார்க்க ஆளுக்கொரு விசா தருகின்றன. இரண்டுக்கும் வயது 18 முதல் 30 வரைதான். இரண்டுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் விசா 2023இல் வந்தது. ஆண்டுக்கு 3,000 இடங்கள். பட்டப்படிப்பு வேண்டும், 2,530 பவுண்டு சேமிப்பு வேண்டும். விசாக் கட்டணம் போக, இரண்டு ஆண்டு மருத்துவக் கட்டணம் 1,552 பவுண்டை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். வேலை கையில் இல்லாமலே போகலாம். ஆனால் கை இவ்வளவு காலியான பிறகு லண்டன் வாடகையும் சேர்ந்தால், பெரும்பாலோர் தெரிந்த பழைய துறையிலேயே வேலை தேடுவார்கள். ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு இது சரி. வாழ்க்கையை மாற்ற நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 24 மாதத்துக்குப் பிறகு நீட்டிப்பும் கிடையாது.

ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க ஆஸ்திரேலியா தரும் 462 விசாவுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள்தான். இந்தியர்களுக்கான குலுக்கல் 2024 அக்டோபரில் தொடங்கியது. 12 மாதம் தங்கலாம், ஆனால் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பலருக்கு இது தொந்தரவாகத் தெரிகிறது. எனக்குப் பிடித்த விதியே இதுதான். எட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவரை அது எழுப்பி அடுத்த ஊருக்கு அனுப்புகிறது. வடக்கிலோ ஊர்ப்புறத்திலோ பண்ணை வேலை போன்ற குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம் செய்தால் இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வெயிலில் குனிந்து பழம் பறிக்கிற வேலை, உடம்பு தாங்க வேண்டும். பறித்த அளவுக்குத்தான் கூலி என்று சொன்னாலும், 2022 முதல் தோட்டத் தொழிலாளர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி உறுதி. போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் 31 ஆகியிருக்கக் கூடாது. முப்பது முடியும் தறுவாயில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆண்டுதான் கிடைக்கும்.

பிறருக்கு உதவும் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டம். சர்வதேச நிபுணர் பிரிவுக்கு 27 வயது, மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். கிடைப்பது சம்பளம் அல்ல, மாதப் படி. பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் உண்டு. இங்கே உங்கள் கணக்குப் பதிவியலோ, செவிலியர் பயிற்சியோ வீணாவதில்லை, தேவைப்படும் இடத்துக்குப் போகிறது. சில இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. வீட்டில் முதலில் அதைப் பேசிவிடுங்கள்.

இந்த மூன்றில் என் மனம் ஐ.நா. பக்கம்தான். இருந்தாலும் 29, 30இல் இருப்பவர்களை முதலில் ஆஸ்திரேலியக் குலுக்கலில் பெயர் பதியச் சொல்வேன். ஐ.நா. வாய்ப்பு 35இலும் இருக்கும், இது இருக்காது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டன் குலுக்கலுக்கு அதுவும் கிடையாது. பெயர் விழ வைக்கிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.