இரண்டு டிரைவ், இரண்டு இயங்குதளம்: மூன்று ஆண்டு அனுபவம்

விண்டோஸ் ஒரு டிரைவில், லினக்ஸ் இன்னொரு டிரைவில் என்று வைத்து மூன்று ஆண்டுகளாக ஒரே கணினியை ஓட்டி வருகிறேன். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் இருக்கிறது. மகளின் பள்ளிப் பாடத்துக்கு விண்டோஸ், என் நிரல் வேலைக்கு லினக்ஸ். விண்டோஸ், மதர்போர்டில் நேராகச் சொருகும் 500 ஜிபி என்விஎம்ஈ டிரைவில் ஏற்கெனவே இருந்தது. லினக்ஸுக்காக சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி டிரைவ் வாங்கி மாட்டினேன். டிரைவ் தனித்தனி, ஒன்று படுத்தாலும் மற்றது பிழைத்துக்கொள்ளும் என்று முழுதாக நம்பினேன்.

முதல் வாரமே கடிகாரம் தொந்தரவு கொடுத்தது. இரவு 9 மணிக்கு லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தால், திரையின் மூலையில் பகல் 1:00 என்று நிற்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், இடையில் அந்த 8 மணி நேரம் காணாமல் போகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து, அதையும் யூடிசியாகப் படிக்க வைத்தேன். அதோடு தீர்ந்தது. கையோடு விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவுத் தொடக்க) வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதவும் முடியாது.

உண்மையான அடி ஒன்றரை ஆண்டு கழித்து விழுந்தது. இடம் போதாமல் விண்டோஸின் என்விஎம்ஈயைக் கழற்றினேன். புதியதை மாட்டும் முன் லினக்ஸில் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று கணினியை இயக்கினால், லினக்ஸே வரவில்லை. பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எஸ்எஸ்டி தெரிகிறது, ஆனால் எதிலிருந்து தொடங்கலாம் என்று காட்டும் பூட் பட்டியல் காலி. அலுவலகத்தில் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிரைவைக் கழற்றி வச்சீங்களா?"

கழற்றவில்லை. அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்ததால் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். நான் போட்ட லினக்ஸின் நிறுவி, கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடரை மட்டும் விண்டோஸ் டிரைவில் இருந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட்லோடர்களுக்கென ஒதுக்கிய பகுதியில்) எழுதியிருந்தது. வீடு ஒரு புளோக்கில், சாவி அடுத்த புளோக்கில் இருந்த கதைதான்.

சரிசெய்ய ஒரு சனிக்கிழமை மாலை ஆனது. யூஎஸ்பியிலிருந்து, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸை இயக்கி, எஸ்எஸ்டியின் கடைசியில் 512 எம்பி ஒதுக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, அதை ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று காட்டும் கொடியை வைத்தேன். பிறகு லினக்ஸின் பூட்லோடரான கிரப்பை அதில் மீண்டும் நிறுவினேன். ஆனாலும் லினக்ஸ் பாதியில் அவசரநிலைத் திரையில் போய் நின்றது. எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில், பழைய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் அடையாளக் குறியான யூயூஐடி அப்படியே கிடந்ததுதான் காரணம். நடுவில் கோடு போட்ட எட்டே எழுத்துகள். அவற்றை மாற்றியதும் எழுந்தது.

அப்புறம் விண்டோஸைத் தேர்ந்தெடுக்க கிரப் பட்டியலை நான் நம்புவதில்லை. எஃப்12 அழுத்தினால் என் பயோஸில் இரண்டு டிரைவும் தனித்தனியாக வரும், மகளுக்கும் அதையே பழக்கினேன். பயோஸில் கை வைக்கும் முன் விண்டோஸ் டிரைவை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள், கேட்டாலும் கேட்கும்.

போன மாதம் தூசி தட்டுவதற்காக விண்டோஸ் டிரைவை மறுபடி கழற்றினேன். அது மேசைமேல் கிடக்கும்போதே பொத்தானை அழுத்தினேன். லினக்ஸ் நேராக உள்நுழைவுத் திரைக்கு வந்து நின்றது.