புயல் வரைபடங்கள்: கூம்பா, கோடுகளா, நீர்மட்டமா?

புயல் உருவானதும் கைப்பேசிக்கு வந்து சேரும் முதல் படம் பெரும்பாலும் ஒரு கூம்புதான். அதைப் பார்த்தவர் உடனே படத்தைப் பெரிதாக்கி, நடுக்கோடு தம் ஊர்மேல் போகிறதா என்று தேடுகிறார்; கோடு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் பெருமூச்சு விடுகிறார். அந்த நிம்மதிக்குக் கூம்பு இடம் தருகிறது என்பதே அதன்மீது எனக்குள்ள முதல் குறை.

அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் கூம்பு, அடுத்த ஐந்து நாள்களில் புயலின் மையம் எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதைக் காட்டுகிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்கும்படி ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டங்களை இணைத்து இது வரையப்படுகிறது. ஆகவே மூன்றில் ஒரு முறை மையம் கூம்புக்கு வெளியே போகலாம். காற்று எவ்வளவு தொலைவு வீசும், கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பவை கூம்பின் அகலத்தில் இல்லவே இல்லை. ஆனால் பார்ப்பவரின் கண், விரிந்துகொண்டே போகும் கூம்பைப் புயலே வளர்வதாக எடுத்துக்கொள்கிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனைகளிலும் இந்தத் தவறான புரிதல் தெரிந்தது.

2004 ஆகஸ்ட் 13 அன்று ஃபுளோரிடாவில் சார்லி புயல் டாம்பா பக்கம் போகும் என்று நடுக்கோடு காட்டியது. புயலோ வலப்புறம் திரும்பி, தெற்கே புன்டா கோர்டாவைத் தாக்கியது. அந்த ஊர் கூம்புக்குள்ளேயே இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. கோட்டை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் அது எதிர்பாராத திருப்பம்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது கோடுகளின் கற்றை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிக் கணினி மாதிரியைப் பலமுறை ஓட்டி, கிடைக்கும் பாதைகளையெல்லாம் ஒரே படத்தில் வரைகிறார்கள். புயல் பெரிதாகிறது என்ற மயக்கத்தை இது குறைக்கிறது. ஐயம் எங்கே கூடுகிறது என்பதும் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஏதேனும் ஒரு கோடு தம் ஊர்மேல் நேராக ஓடினால் மக்கள் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள் என்பதும் அதே ஆய்வாளர்கள் கண்டதுதான். வானிலை படித்தவர்களுக்கு இது நல்ல கருவி, ஊர்ப் பொதுமக்களுக்கு அவ்வளவு உதவாது என்பது என் கருத்து.

மூன்றாவது, 2016 முதல் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் முறையாக வெளியிட்டுவரும் கடல்நீர் வரைபடம். புயல் தள்ளிவரும் நீர் தரைக்கு மேல் எத்தனை அடி நிற்கக்கூடும் என்பதை அது நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் காட்டுகிறது: மஞ்சள் மூன்று அடிக்கு மேல், ஆரஞ்சு ஆறு அடிக்கு மேல், சிவப்பு ஒன்பது அடிக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து கணக்கிடாமல் தரையிலிருந்து கணக்கிட்டது மிகப் பெரிய முன்னேற்றம். தன் வாசற்படியில் இடுப்பளவா தலைக்கு மேலா என்று தெரிந்தால்தான், பாட்டியை எப்போது எங்கே அழைத்துப் போவது என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியும். 2022இல் இயான் புயல் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் தரைக்கு மேல் பத்து முதல் பதினைந்து அடி வரை நீரைக் கொண்டுவந்தது. இதைச் சொல்லும் ஆற்றல் எந்தக் கூம்புக்கும் இல்லை.

இதற்கும் எல்லைகள் உண்டு. புயல் நெருங்கிய பிறகுதான் இது வெளியாகும். மழை வெள்ளம் இதில் சேராது. படத்தில் காட்டும் உயரத்தை நீர் தாண்டுவதற்கு பத்தில் ஒரு வாய்ப்புதான் என்பதால், பல ஊர்களில் நீர் படத்தைவிடக் குறைவாகவே வரும். இதை முன்கூட்டியே விளக்காவிட்டால் அடுத்த முறை படத்தை நம்பமாட்டார்கள்.

நம் கரையிலும் இந்த வேறுபாடு முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னைகளோ உள்ளே புதுக்கோட்டை வரை சாய்ந்தன. ‘எங்கே கரையைக் கடக்கும்’ என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லும் படம், கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருந்தவருக்கு எதையும் சொல்லவில்லை. கடல்நீரைப் பற்றிய அறிவிப்புகளும் வழக்கமான ஓதத்துக்கு, அதாவது கடல் ஏற்றத்துக்கு, மேல் இத்தனை மீட்டர் என்றே வருகின்றன. கடலோரத் தெருக்களின் தரை உயரத்தை அளந்து, அந்த மீட்டரைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என மாற்றி ஊர் வாரியாகப் படமாகத் தந்தால், வேதாரண்யத்து மீனவர் ஒருவர் அதைப் பார்த்த நொடியிலேயே படகை எங்கே கட்டுவது, வீட்டாரை எப்போது அனுப்புவது என்று தீர்மானித்துவிடுவார். கூம்பை ஆட்சியர் அலுவலகத்துக்கும் துறைமுகத்துக்கும் அனுப்புங்கள். தெருவுக்கு இந்தப் படத்தைத் தாருங்கள்.