இந்தியன் கானூன்: கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் திறந்து பார்க்க வேண்டிய தளம்

கருத்துச் சுதந்திரம் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் ஒருவர் அரசியலமைப்பில் பேச்சுரிமை தரும் 19(1)(ஏ) என்பார், இன்னொருவர் அதற்கு 19(2)இல் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார், பேச்சு அத்தோடு நின்றுவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே எது செல்லும், எது செல்லாது என்று 1950இலிருந்து நீதிமன்றங்கள் எழுதிவைத்ததுதான் நமக்குக் கையில் இருக்கும் பாதுகாப்பு. அதைப் படிக்க வக்கீல் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தியன் கானூன் தளத்தில் காசில்லாமல், பதிவு செய்யாமல் படிக்கலாம். 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினித் துறைக்காரர் தொடங்கிய தளம் இது, அரசுத் தளம் அல்ல.

முகப்பில் ஒரு தேடல் பெட்டி மட்டும்தான். அழகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உள்ளே போனால் விஷயம் இருக்கிறது. ஒரு தீர்ப்பைத் திறந்தால், அது எந்தெந்த வழக்குகளை மேற்கோள் காட்டுகிறது, அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்ற இரண்டு பட்டியல்களும் கிடைக்கும். இந்த இரண்டாவது பட்டியலுக்காகவே நான் இதைப் பயன்படுத்துகிறேன். தீர்ப்புக்குள் வரும் சட்டப்பிரிவு எண்ணைத் தட்டினால் அந்தப் பிரிவே திறக்கும். தேடும்போது இரண்டு சொற்களும் சேர்ந்து வர வேண்டுமென்றால் நடுவே 'ஆண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை இரட்டித்து அடிக்க வேண்டும், இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ரொமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம், 1950. 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று மதராஸ் அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு வருடமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற காரணம் 19(2)க்குள் நுழைந்தது. அதே திருத்தத்தில்தான் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் வந்தது, இதை நிறையப் பேர் சொல்வதில்லை.

அப்புறம் கட்டாயம் படிக்க வேண்டியது எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம், 1989. நம்மூர் வழக்கு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் இடஒதுக்கீட்டை விமர்சித்ததால் போராட்டம் வெடிக்கும் என்று எதிர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழையே ரத்து செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் தீர்ப்பு சொன்ன விஷயம் எல்லோருக்குமானது: ஊர்வலம் போவோம், கலவரம் செய்வோம் என்று யாராவது மிரட்டினால் அதற்காகப் பேச்சை நிறுத்த முடியாது, அப்படி நிறுத்துவது மிரட்டலுக்குப் பணிவது, எதிர்ப்புக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கை விரிக்கக் கூடாது, பேசுகிறவரைக் காப்பது அரசின் கடமை. எங்காவது புத்தக வெளியீட்டுக்கோ கூட்டத்துக்கோ 'சட்டம் ஒழுங்கு கெடும்' என்று அனுமதி மறுக்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 2016இல் 'மாதொருபாகன்' நாவல் தொடர்பான பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இதே வழியில் போகிறது, நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நாவலைத் திரும்பப் பெறுவதாக அவரிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது.

கையில் ஒரு நகல் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு போதும், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற பிரிவு. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததில் அந்தப் பிரிவு செத்துப்போனது. ஆனாலும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவது நிற்காமல், இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியதாயிற்று. தீர்ப்பு வந்தால் மட்டும் போதாது, அது எஃப்ஐஆர் எழுதுகிறவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் எழுதுகிறவர்கள், யூடியூப் நடத்துகிறவர்கள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு, எழுத்து தொடர்பான புகாரில் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரும் குற்றமென்றால், வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே சரி என்கிறது.

குறைகள் இருக்கின்றன. முதல் குறை மொழி, பெரும்பாலும் ஆங்கிலம். ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு நூறு பக்கத்துக்கு மேல், பழக்கமில்லாதவர் பத்தாவது பக்கத்திலேயே மூடிவிடுவார். இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்காக 2023இல் கொண்டுவந்த இ-எஸ்சிஆர் தளம் மேல், அதுவும் இலவசம், சில தீர்ப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் தேடி எடுக்கும் வசதியில் இந்தியன் கானூனே கைக்கு வாகாக இருக்கிறது. அடுத்தது, வாதம் எது, நீதிமன்றத்தின் முடிவு எது என்று பத்திகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள், அது இயந்திரம் செய்வது, அதை மட்டும் நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தால் மேல்முறையீட்டில் அது நின்றதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தளத்துக்கே ஒரு வழக்கு உண்டு. விடுதலையான ஒருவர் தன் பெயர் உள்ள தீர்ப்பை எடுக்கச் சொல்லிக் கேட்க, எடுக்கும்படி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. விடுதலையானவரின் வேதனை நியாயமானதுதான். பெயரை மறைக்கலாம், தீர்ப்பையே எடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

எவ்வளவு தேடினாலும் இங்கே கிடைக்காதது ஒன்று உண்டு, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இணையதளங்களையும் பதிவுகளையும் முடக்க அரசு போடும் உத்தரவுகள். அந்தப் பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி அவற்றை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் தளம் முடங்கியபோது, முறையான அறிவிப்பு எதுவும் வராமலே வாசகர்களுக்குத் தளம் திறக்கவில்லை. 69ஏ செல்லும் என்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், உத்தரவில் காரணங்களை எழுத வேண்டும், அதை வைத்து ரிட் மனு போடலாம் என்பதுதான். காகிதமே கைக்கு வராதவர் எதை வைத்து மனு போடுவார்? ஒரு பகுதிக்கே இணையச் சேவையை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020இலேயே சொல்லியாகிவிட்டது. அதை இதற்கும் கொண்டுவர நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்த வேண்டியதில்லை, அந்த ஒரு விதியை மாற்றி மத்திய அரசு ஓர் அறிவிப்பாணை வெளியிட்டால் போதும்.