பியானோ வாத்தியார்: வீட்டுக்கு வரவழைப்பதா, அவர் வீட்டுக்கே போவதா, இசைப்பள்ளியா, ஆன்லைனா?

சென்னையில் பியானோ சொல்லித்தர ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் சொல்லித்தருவது பியானோவா, கீபோர்டா? விளம்பரப் பலகையில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு வாத்தியங்கள். கீபோர்டில் வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அழுத்தினால் போதும், தாளமும் பேஸும் (கீழ்ஸ்தாயி ஓசையும்) கருவிக்குள்ளிருந்து தானாக ஓடும். பியானோவில் அந்தத் துணை கிடையாது. இடது கைக்கான கீழ்ஸ்தாயி இசைக்குறிப்பை (பேஸ் கிளெஃப்) படித்து, அந்தக் கை தனக்கென்று ஒரு வரியை வாசித்தாக வேண்டும். இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி வாரியம் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. இன்னொரு தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தேர்வே இல்லை. கீபோர்டில் மூன்று கிரேடு (தேர்வு நிலை) முடித்த பிள்ளை பியானோவுக்கு மாறினால் இடது கை ஏறக்குறைய முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் சேர்த்துக்கொள்பவரிடம் போகாமலிருப்பது நல்லது.

பியானோதான் என்று முடிவானால், வழிகள் நான்கு.

வீட்டுக்கு வரும் வாத்தியாரின் பெரிய பலம், பிள்ளை தினமும் எந்தக் கருவியில் வாசிக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்ப்பது. ஸ்டூல் தாழ்ந்திருக்கிறதா, பாதம் தரையில் பதிகிறதா, பெடல் நழுவுகிறதா என்பதெல்லாம் அங்கேயே சரியாகும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். உணவு மேஜை நாற்காலி இதற்குச் சரிவராது, உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் வேண்டும். பலவீனமும் அதே கருவியில்தான். வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால், எவ்வளவு பெரிய வித்வான் வந்தாலும் பாடம் அந்த 61 கட்டைக்குள் சுருங்கிவிடும். அடுத்தது பயணம். வேளச்சேரியிலிருந்து போரூர் வந்து முக்கால் மணி நேரம் சொல்லித்தருபவர் மழைக்காலத்தில் தாமதிப்பார், சில வாரம் வரவே மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடே அப்படிப்பட்டது. குக்கர் விசில், டிவி, பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் பெரியவர்கள் எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் தின்னும்.

வாத்தியார் வீட்டுக்குப் போவது அலைச்சல். ஆனாலும் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரையிலான பிள்ளைக்கு என் முதல் தேர்வு இதுவே. அங்கே பெரும்பாலும் அசல் பியானோ இருக்கும். ஹேமர் கம்பியைத் தட்டி எழும் ஓசையில் மென்மைக்கும் பலத்துக்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு என்பதைப் பிள்ளையின் விரல் வாரம் ஒருமுறையாவது உணரும். தன் முறைக்கு முன்னும் பின்னும் மூத்த மாணவர்கள் வாசிப்பதைக் கேட்பது இன்னொரு லாபம். அடுத்த வருடம் தான் எங்கே இருக்கப்போகிறோம் என்பதைப் பிள்ளை காதால் தெரிந்துகொள்கிறது. சென்னையின் மேற்கத்திய இசைக் கல்வி வெகுகாலம் இப்படித்தான் நடந்தது. இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டர் என்ற தனி ஆசிரியரிடம் பயின்றவர்கள். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: தனி வகுப்பா, பேட்சா? ஒரு மணி நேரத்தில் நான்கு பிள்ளைகள் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்க, வாத்தியார் சுற்றிச் சுற்றி வந்தால், உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது 15 நிமிடம். அதைவிடத் தனியாக 30 நிமிடம் மேல்.

இசைப்பள்ளியில் தியரி வகுப்பு, சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு, தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் வேலை எல்லாம் ஒரே இடத்தில் முடியும். இசையைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பெரிய பிள்ளைகளுக்கு 2008இல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்கள் தருவதை எந்தத் தனி வாத்தியாராலும் தர முடியாது. சிறு பிள்ளைகளுக்கான பேட்டைப் பள்ளிகளில் வரும் சிக்கல், நடுவருடத்தில் ஆசிரியர் மாறுவது. புதியவர் ஃபிங்கரிங்கை (எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பதை) மாற்றுவார், புத்தகத்தை மாற்றுவார், பிள்ளை இரண்டு மாதம் பின்னால் போகும். எனவே பள்ளியின் பெயரைவிட, சொல்லித்தரப்போகிறவர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

ஆன்லைன் வகுப்பு, அடிப்படை தெரிந்தவர்களுக்கும், நல்ல வாத்தியார் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்கும் உண்மையான வரம். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் அது பிள்ளைகளுக்குப் போதாது. மணிக்கட்டு இறுகுவதையும் கட்டைவிரல் தொங்குவதையும் கேமரா பாதிதான் காட்டும், தொட்டுத் திருத்தவும் முடியாது. ஒலி தாமதமாகப் போவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க வழியில்லை. பலர் கவனிக்காத ஒன்று: வீடியோ செயலிகள் மனிதப் பேச்சுக்காக அமைந்தவை. நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தை மின்விசிறி இரைச்சலைப் போலக் கருதி வெட்டிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டால் இது பெரிதும் தீரும். போனை முகத்துக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில் கட்டைகளுக்குச் சற்று மேலே, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தெரியும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

சிம்ப்ளி பியானோ, ஃப்ளோக்கீ போன்ற செயலிகளை ஐந்தாவது வழியாக நான் எண்ணவில்லை. சரியான கட்டை சரியான நேரத்தில் அழுந்தியதா என்று அவை கண்டுபிடிக்கும். எந்த விரலால் அழுத்தினீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. பயிற்சிக்குத் துணையாக இருக்கட்டும்.

வீட்டில் என்ன கருவி என்பதைத் தள்ளிப்போட முடியாது. வகுப்பு வாரத்துக்கு ஒன்று, மற்ற ஆறு நாளும் பிள்ளை வீட்டுக் கருவியோடுதான். 88 கட்டையும், அசல் பியானோவின் ஹேமர் போன்ற கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ, நகராத ஸ்டாண்ட், பெடல்: இவை மூன்றும் குறைந்தபட்சத் தேவை. யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110 போன்றவை 40 ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. ரோலண்ட் எஃப்பி-10 விலை கூடுதல், கட்டையின் கனம் அசல் பியானோவுக்கு இன்னும் நெருக்கம். கனமில்லாத கட்டையில் பழகிய விரல், தேர்வு அறையின் பியானோவில் பாதி ஸ்வரங்களை ஒலிக்க வைக்காமலே தாண்டிவிடும். பழைய அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோ மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். அதில் சுமார் 220 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கும் மேலான இழுவிசையில் நிற்கின்றன. சென்னைக் காற்றின் ஈரத்தில் சவுண்ட்போர்டு (ஓசையைப் பெருக்கும் மரப்பலகை) உப்பும், சுருதி விலகும், கட்டைகள் சிக்கும், கடலோரத்தில் கம்பி துருப்பிடிக்கும். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் ட்யூனிங் பின்கள் தளர்ந்திருந்தால் இன்று ட்யூன் செய்தது ஒரு மாதம்கூட நிற்காது. ஒரு ட்யூனரை அழைத்துப்போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகும் வருடத்துக்கு இரண்டு ட்யூனிங் செலவு உண்டு.

தேர்வு வாரியத்தைப் பொறுத்தவரை, டிரினிட்டியின் நேரில் வாசிக்கும் தேர்வு மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60. மூன்று பாடல்களுக்கே 66 போகிறது, ஸ்கேல் (ஸ்வர வரிசை) உள்ளிட்ட டெக்னிகல் வொர்க்குக்கு 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்கு 20. ஐந்தாம் கிரேடு வரை, துணைத் தேர்வுகளில் சைட் ரீடிங்கை (புதிய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பதை) எடுக்காமலே வேறு இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல் கிரேடில் 150க்கு 100 எடுக்க வேண்டும். பாடல்களுக்கு 90தான், ஸ்கேலுக்கும் சைட் ரீடிங்குக்கும் 21 வீதம், செவிப்பயிற்சிக்கு 18. பாடல்களை மட்டும் மெருகேற்றி டிரினிட்டியில் தேறிவிட முடியும், ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகலில் கணக்குப்படியே முடியாது. ஆறாம் கிரேடுக்குப் போக ஏபிஆர்எஸ்எம் பொதுவாக ஐந்தாம் கிரேடு தியரியும் கேட்கும், டிரினிட்டி கேட்காது. படிக்கும் திறன் வலுவாக வேண்டுமானால் ஏபிஆர்எஸ்எம். மேடையும் வாசிப்பும்தான் பிள்ளையை இழுக்கிறது என்றால் டிரினிட்டி. எந்த வாரியமானாலும், வருடம் முழுக்க மூன்றே பாடலைத் தேய்க்கும் வாத்தியார் பிள்ளைக்கு நல்லது செய்யவில்லை. தேர்வுப் பாடல்களைத் தவிர வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சின்னப் பாடல்களாவது கைக்குள் வர வேண்டும்.

டிரையல் வகுப்பில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். புத்தகத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே ‘ஸ ரி க ம’ என்றோ சி, டி, இ என்றோ எழுதித் தருகிறாரா? தருகிறார் என்றால் பிள்ளை எழுத்தைத்தான் படிக்கும், நொட்டேஷன் கண்ணில் பதியாது. தவறு வந்தால் முதலிலிருந்து திரும்ப வாசிக்கச் சொல்கிறாரா, அல்லது தவறிய இரண்டு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் எடுத்து, ஒரு கையாக, மெதுவாக வாசிக்க வைக்கிறாரா? இரண்டாவது செய்பவர்தான் கற்பிக்கத் தெரிந்தவர். தானே ஒருமுறை வாசித்துக் காட்டுகிறாரா? கடைசியில், அந்த வாரத்துக்கான வீட்டுப் பயிற்சியைத் தேதியோடு நோட்டில் எழுதுகிறாரா? “நல்லா பிராக்டிஸ் பண்ணு” என்று வாயால் சொல்வது எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிடும். எந்த பார், எந்தக் கை, எத்தனை முறை, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) எந்த வேகத்தில் என்று எழுத வேண்டும். தினம் 15 நிமிடம் வாசிக்கும் தொடக்கநிலைப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கும் பிள்ளையைவிட வேகமாக முன்னேறும்.

கட்டணத்தை மாதக் கணக்கில் பேசினால், ஐந்து வாரம் வரும் மாதத்துக்கு என்ன, அவர் வராத வகுப்புக்கு ஈடு உண்டா, நீங்கள் போகாத வகுப்புக்கு உண்டா என்று முதல் நாளே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாத்தியாரை மாற்றுவதென்றால் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்போ, தேர்வு முடிந்த பிறகோ மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். புதியவரிடம் போகும்போது சான்றிதழை விட்டாலும் மார்க் ஷீட்டை விடாதீர்கள். பிள்ளைக்கு எது வரவில்லை என்று தேர்வாளர் எழுதிய குறிப்பு அதில்தான் இருக்கும்.