கடை கம்ப்யூட்டரில் ஓடுவது எந்த கமிட்? கிட், எஸ்விஎன், மெர்க்யூரியல்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையிலிருந்து போன்: "தம்பி, கொலுசு பில்லுல சேதாரம் தப்பா வருது." நாம் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணா, ஸ்கிரீன் கீழ் மூலையில என்ன நம்பர் போட்டிருக்கு?" அந்த மூலையில் எதைப் போடுவது என்பதில்தான் சேலத்தில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் எங்களுக்குள் வாக்குவாதம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகச் சேமித்து வைக்கும் கருவிகள்தான் கிட், எஸ்விஎன், மெர்க்யூரியல். அப்படிச் சேமித்த ஒவ்வொரு படியும் ஒரு கமிட்.

கிட்டில் சட்டென்று கைக்கு வருவது 'கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்'. அந்தக் கட்டளை தருவது 40 எழுத்து ஹேஷ், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த கமிட்டின் அடையாளம். குழப்பம் வராது, ஆனால் போனில் படித்துக் காட்ட ஆளில்லை. 'ஷார்ட்' சேர்த்தால் ஏழெட்டு எழுத்தாகச் சுருங்கும். அதிலும் பி, சி, டி, ஈ நான்கும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். அதைவிடப் பெரிய குறை, இரண்டு ஹேஷை வைத்துக்கொண்டு எது பழசு என்று சொல்ல முடியாது.

எஸ்விஎன்னில் இந்தத் தொல்லை இல்லை. 4168 என்றால் 4167-க்கு அடுத்தது, அவ்வளவுதான். 'எஸ்விஎன்வெர்ஷன்' கட்டளை இன்னும் நேர்மை. 4123:4168எம் என்று காட்டினால் ஃபோல்டரில் பழசும் புதுசும் கலந்து கிடக்கிறது, போதாததற்கு யாரோ கமிட் செய்யாமல் கைவைத்திருக்கிறார்கள். முழு ஃபோல்டரையும் அலசுவதால் பெரிய புராஜெக்ட்டில் மெதுவாகத்தான் வரும். சோர்ஸ் ஃபைலில் டாலர் குறிகளுக்கு நடுவே 'ரெவ்' என்று எழுதிவைக்கும் பழைய வழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அது அந்த ஒரு ஃபைல் கடைசியாக மாறிய எண்.

மெர்க்யூரியலின் 'ஹெச்ஜி ஐடி' 12 எழுத்து தரும். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் பின்னால் ஒரு கூட்டல் குறி. 'என்' சேர்த்தால் சின்ன எண்ணும் கிடைக்கும். ஆசைப்படாதீர்கள், குளோனுக்குக் குளோன், அதாவது ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் உள்ள நகலுக்கு நகல், அது மாறலாம்.

என் ஓட்டு 'கிட் டிஸ்கிரைப்'புக்கு. 'டேக்ஸ்', 'ஆல்வேஸ்', 'டர்ட்டி' மூன்று ஆப்ஷனும் சேர்த்து. டேக் என்பது ஒரு கமிட்டுக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு. 2.3-14-ஜி7093581 என்று வந்தால், 2.3 டேக்குக்குப் பிறகு 14 கமிட், ஜி என்பது கிட், மிச்சம் ஹேஷ். கடைக்காரர் "ரெண்டு புள்ளி மூணு, பதினாலு" என்றாலே பாதி வேலை முடிந்தது. பின்னால் 'டர்ட்டி' ஒட்டியிருந்தால், அதாவது கமிட் ஆகாத மாற்றம் இருந்தால், நிரலில் பிழையைத் தேடாதீர்கள். அந்த பில்டை, அதாவது நிரலிலிருந்து உருவாக்கிய புரோகிராமை, தன் லேப்டாப்பிலிருந்து அனுப்பிய புண்ணியவானைத் தேடுங்கள்.

டேக் போடும் பழக்கம் இல்லாத டீமில் இதிலும் வெறும் ஹேஷ்தான் மிஞ்சும். பில்ட் சர்வர் கடைசி கமிட்டை மட்டும் இழுத்தாலும் அதே கதி. டேக்குகளோடு முழு வரலாற்றையும் இழுக்கச் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டு எஸ்டேட்டின் காபி குடோன் கம்ப்யூட்டரில் கிட் என்பதே இருக்காது. எனவே எதைத் தேர்ந்தாலும் பில்ட் நேரத்திலேயே எண்ணை உள்ளே எழுதிவிட வேண்டும். பில்லின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சாகட்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் பழைய பில்லோடு சண்டைக்கு வந்தாலும் எந்த நிரல் அந்தக் கணக்கைப் போட்டது என்று எடுத்துப் பார்க்கலாம்.